ஒரு மரத்தில் இரண்டு ராஜாவா?

தலையிலே பல்லி விழுந்தால் என்ன பலன், தோளிலே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. ஐந்தடி நீளமுள்ள பல்லி விழுந்தால் என்ன பலன்? எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது. ஆகையால், இன்றைக்கு நாம் போகப்போகிற பூங்காவுக்குக் கையிலே ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பயப்படாதீர்கள். பல்லி விழுவது அபூர்வம். மரத்தின் மேல் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிராணிகள் கீழே வேறு எதையாவது போடுமே, அதற்காகத்தான் குடை!

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே எக்வடார் என்று ஒரு சின்ன தேசம். பூமத்திய ரேகை அதன் குறுக்கே ஓடுகிறது. அந்த ரேகைக்கு இரண்டே பாகை தெற்கே, குவாயாஸ் நதிக்கரையிலே இருப்பது குவாயாகில் துறைமுகம். சென்னைவாசிகளுக்கு இங்கே ஒரு சிரமமும் இராது. அதே புழுக்கம், அதே வியர்வை. காலைப் பலகாரத்துக்குக்கூட வாழைக்காயை வேகவைத்து மசித்து, பாலாடைக்கட்டி கலந்து உருண்டை பிடித்துத் தருகிறார்கள். உலகத்திலேயே அதிகமாக வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் தேசம் இதுதான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 'பனாமா தொப்பி' என்று பேர் வாங்கிய தொப்பி பின்னப்படுவது பனாமாவில் அல்ல, இங்கேதான்!

நதியைப் பார்த்தால் உங்களுக்கு நம்மூர் ஞாபகம் வந்துவிடும். நம் ஏரிகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறதே ஆகாயத் தாமரை, அதற்குத் தென் அமெரிக்காதான் பிறந்த வீடு. கடல் ஏற்றத்தின்போது அது கூட்டம் கூட்டமாக மேல்நோக்கி மிதந்து போகிறது. வற்றத்தின்போது அதே கூட்டம் கீழ்நோக்கி வருகிறது. வேலையில்லாதவர்கள் கரையிலே உட்கார்ந்து நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் நமக்கு வேலை இருக்கிறது. நதிக்கரையிலிருந்து சில தெருக்கள் நடந்தால் பெரிய கிறிஸ்தவக் கோயில். அதற்கு நேர் எதிரே இரும்புக் கம்பி வேலி போட்ட ஒரு பூங்கா. செமினாரியோ பூங்கா என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் வாடகைக் கார் ஓட்டுகிறவர் சற்று யோசிப்பார். 'இகுவானாப் பூங்கா' என்றால் உடனே கிளம்பிவிடுவார்.

வெயிலுக்கு இறங்கும் கூட்டம்

பூங்காவின் நடுவே குதிரை மேல் ஒரு வீரர் சிலையாக நிற்கிறார். சைமன் பொலிவார். ஸ்பெயின்காரர்களிடமிருந்து தென் அமெரிக்காவின் வட பகுதியை விடுவித்த தலைவர். 1889-ல் வைத்த சிலை. அவரைப் பற்றிப் பிற்பாடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது; ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை வெயில் புல்தரை மேல் விழ ஆரம்பித்ததும், மரங்களிலிருந்து அவை ஒவ்வொன்றாக இறங்குகின்றன. முதலில் ஒரு வால், பிறகு கால், பிறகு முதுகிலே சீப்புப் பல் போல வரிசையாக முள்ளு, கழுத்திலே தொங்குகிற தாடை. நம் ஓணானுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்த மாதிரி இருக்கிறது. உடும்போ என்று சந்தேகம் வரலாம். உடும்பு மாமிசம் தின்னும். இகுவானா சுத்த சைவம். இலை, பூ, பழம் இவைதான் ஆகாரம். பச்சோந்தியும் அல்ல. குஞ்சாக இருக்கும்போது கிளிப்பச்சை. வயதாக ஆகச் சாம்பலும் பழுப்புமாகிவிடுகிறது.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். கடிக்குமோ என்ற பயம் வேண்டாம். நீங்களாகத் தொடாத வரையில் அது உங்களை லட்சியமே பண்ணாது. உச்சந்தலையிலே வெளுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் மூன்றாவது கண்! அந்தக் கண்ணால் உருவத்தைப் பார்க்க முடியாது. வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலே பருந்தின் நிழல் ஓடினால் போதும், பிராணி உஷாராகிவிடும். நெற்றிக்கண் உள்ள பிராணி என்று சொல்லலாம், எரிக்கத்தான் தெரியாது.

சாப்பிட்டுவிட்டு வெயிலிலே கிடக்கிறதே, சோம்பேறி என்று நினைக்கிறீர்களா? அதன் சமையலறையில் அடுப்பு வெயில்தான். உடம்பிலே ஏறத்தாழ 35 டிகிரி சூடு ஏறினால்தான் வயிற்றிலே போன இலை செரிக்கும். வெயில் கிடைக்காத இகுவானா, எதிரே மலை போல் கீரையைக் குவித்தாலும் பட்டினிதான். இந்த ஒரு விஷயத்தை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கிளையிலே ஒரு தர்பார்

ஒரு பெஞ்சியிலே உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒரே மரத்தைக் கவனியுங்கள். நல்ல வெயில் படும் உயரக் கிளையிலே பருத்த தாடையும் உயர்ந்த முள்முடியுமாக ஒருவர் வீற்றிருக்கிறார். அவர்தான் ராஜா. இனச்சேர்க்கைக் காலமானால் உடம்பே ஆரஞ்சு நிறமாகிவிடும். அவரைச் சுற்றி இரண்டு மூன்று பெண் இகுவானாக்கள். அடுத்த கிளையிலே இன்னொரு ஆண் தலையைக் காட்டுகிறது.

ராஜா முதலில் எழுந்துபோய்ச் சண்டை போடுவதில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டுகிறார். மெதுவாக ஆட்டினால், "நான் இங்கே இருக்கிறேன், தெரிகிறதா?" என்று அர்த்தம். வேகமாக ஆட்டினால், "இன்னுமா நிற்கிறாய்?" என்று அர்த்தம். அதற்கும் மசியாவிட்டால் கழுத்துத் தாடையை விசிறி மாதிரி விரிக்கிறார். உடம்பைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் திரும்பி, தான் எவ்வளவு பெரியவர் என்று காட்டுகிறார். அதற்கு மேல் போனால்தான் வாய் திறக்கும். வால் சாட்டை போலச் சுழலும்.

பெரும்பாலும் அதுவரை போவதில்லை. வந்தவன் சற்று யோசிக்கிறான். பிறகு, அவசர வேலை ஞாபகம் வந்தவன் போல மெள்ளத் திரும்பி, வேறு கிளைக்குப் போய்விடுகிறான். அங்கேயும் வெயில் இருக்கிறது. அங்கேயும் இலை இருக்கிறது. ரத்தம் சிந்தவில்லை. மானமும் போகவில்லை.

"பார்த்தீர்களா? அவனுக்குப் போக இடம் இருந்தது" என்றார், பெஞ்சியிலே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்.

கனடா தேசத்து அம்மாளின் கதை

அவர் கனடாவிலிருந்து வந்தவர். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கலாபகஸ் தீவுகளுக்குப் போகிற வழியிலே, நான் தங்கியிருந்த விடுதியிலேயே தங்கியிருந்தார். பூங்காவுக்கு மூன்று நாளாக வருகிறாராம். "பேத்தி செய்த தப்பு என்று வெகு நாள் எண்ணியிருந்தேன். தப்பு என்னுடையதுதான்" என்று ஆரம்பித்தார்.

அவர் வீட்டிலே ஒரு ஆண் இகுவானா. உள்ளங்கை அளவில் வந்தது, மூன்று வருஷத்தில் நாலரை அடி. குளிர் தேசமாகையால் கண்ணாடிக் கூண்டு, அதிலே ஒரு பலகை, பலகைக்கு மேலே சூட்டு விளக்கு. அண்டை வீட்டார் ஊரைவிட்டுப் போகும்போது தங்களுடைய சின்ன இகுவானாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "பாவம் பாட்டி, நம்முடையது தனியாக இருக்கிறதே, துணை வேண்டாமா?" என்று பேத்தி கேட்டாள். கேட்ட அன்றைக்கே கூண்டைத் திறந்து புதியதை உள்ளே விட்டுவிட்டார்கள்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சில நாளில் இரண்டும் ஒரே பலகையிலே, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. "எவ்வளவு அன்னியோன்னியம்!" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

ஆறு வாரம் போயிற்று. ஒரு நாள் காலையில் கூண்டிலே ரத்தம். சின்னதின் வால் பாதி அறுந்து தனியே கிடந்தது. தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார்கள். அவர் வாலைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. இகுவானாவுக்கு வால் மறுபடி வளரும். பழைய அழகு இராது, கறுப்பாகவும் குட்டையாகவும் வளரும், அவ்வளவுதான். அவர் அந்தப் பிராணியைத் தராசிலே வைத்தார். இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்தார். "இது பல வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையே, நீங்கள் கவனிக்கவில்லையா?" என்று கேட்டார்.

படத்தைக் காட்டினார்கள். வைத்தியர் தலையை அசைத்தார். "இது கொஞ்சல் இல்லை, அம்மா. மேலே படுத்திருப்பது விளக்கின் சூட்டைப் பறித்துக்கொள்கிறது. கீழே இருப்பதற்குச் சூடு கிடைக்கவில்லை. சூடு இல்லாமல் சாப்பிட்டது செரிக்கவில்லை. செரிக்காததால் சாப்பிடுவதையே விட்டுவிட்டது. சண்டை முதல் நாளிலிருந்தே நடக்கிறது. சத்தம்தான் இல்லை."

இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எங்கே போகும்? கூண்டுக்குள்ளே இன்னொரு கிளை இல்லையே!" என்றார்.

நாமும் எத்தனையோ வீடுகளிலே, "அந்த வீட்டில் சத்தமே கேட்காது, எவ்வளவு ஒற்றுமை!" என்று சொல்லியிருக்கிறோம். சத்தம் கேட்காததற்குக் காரணம், ஒருவர் வாய் திறப்பதையே விட்டுவிட்டதாகவும் இருக்கலாம் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

சம்பந்தம் பேசுவது எப்படி?

பிறகு அந்த வைத்தியர் கற்பித்த முறையை அம்மாள் விரலை மடக்கிச் சொன்னார். பிராணி வளர்க்கும் வீட்டார் யாருக்கும் உபயோகமாக இருக்கும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, ஜாதகம் பார்க்க வேண்டும்! அதாவது ஆணா, பெண்ணா என்று தெரிந்துகொள்ள வேண்டும். குஞ்சிலே தெரியாது. வளர்ந்த பிறகு ஆணுக்குத் தாடை பருக்கும். பின்னந்தொடையின் உட்புறத்தில் வரிசையாக உள்ள துளைகள் பெரிதாகும். வளர்ந்த ஆண் இரண்டை ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. ஆணும் பெண்ணுமானால், ஆண் கழுத்தைக் கவ்வுவதால் பெண்ணுக்குக் காயம் உண்டாகும். முட்டைத் தொல்லையும் சேரும். ஆண் துணை இல்லாமலேகூடப் பெண் முட்டையிடும் என்பதையும், அந்த முட்டை வெளியே வராமல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதையும் வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டும் பெண்ணானால் ஓரளவு நிம்மதி. ஆனாலும் உத்தரவாதம் இல்லை. உருவமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, புதிதாக வந்ததை வேறு அறையிலே வைக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம். மூன்று மாதமானால் உத்தமம். மலத்தைப் பரிசோதித்துக் குடற்புழு இல்லை என்று வைத்தியர் சொல்ல வேண்டும். ஒன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றதைத் தொடக் கூடாது. உங்களுக்காகவும் கை கழுவுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் இகுவானாவின் உடம்பிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கும். பச்சைக் குழந்தை உள்ள வீட்டிலே இதை விளையாட்டாக எண்ணக் கூடாது. சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரத்தைக் கழுவவும் கூடாது.

மூன்றாவது, பெண் பார்க்கும் படலம். தூரத்திலிருந்து, கூண்டுக்குள் இருந்தபடியே, ஒன்றை ஒன்று பார்க்கட்டும். தினம் கொஞ்ச நேரம். தலையாட்டல் வேகமானாலோ, ஒன்று தீனியை விட்டுவிட்டு மூலையிலே ஒதுங்கினாலோ, உடனே திரை போட்டு மறைத்துவிட வேண்டும். சில இகுவானாக்கள் கண்ணாடியில் தெரியும் சொந்த உருவத்தோடேயே மல்லுக்கு நிற்கும். அப்படிப்பட்டவரிடம் சம்பந்தம் பேசாமலிருப்பதே நல்லது.

நாலாவது, இரண்டுக்கும் சொந்தமில்லாத பொது அறையிலே சந்திப்பு. பழையதின் கூண்டுக்குள் புதியதை விடுவது, ஒருவர் படுக்கையறையில் அந்நியரைக் கொண்டுபோய் விடுவதற்குச் சமானம். அறை விசாலமாக இருக்க வேண்டும். ஆணின் உடம்பு ஆரஞ்சாகும் பருவத்தில் இந்தப் பேச்சே கூடாது. முதல் நாள் ஐந்து நிமிஷம் போதும். இரண்டு தட்டிலே தீனி, இரண்டு இடத்திலே சூடு, இரண்டு மறைவிடம். கையிலே தடித்த துவாலை தயாராக இருக்கட்டும். சண்டை மூண்டால் துவாலையைப் போட்டுப் பிரிக்க வேண்டுமே தவிர, நடுவிலே கையை நீட்டக் கூடாது. அதன் பல் ரம்பம் மாதிரி. பிடித்தால் தையல் போட வேண்டியதுதான்.

ஐந்தாவது, தராசு. வாரத்துக்கு ஒரு முறை இரண்டையும் நிறுத்துக் குறித்து வைக்க வேண்டும். "கண்ணுக்குத் தெரியாத சண்டை தராசுக்குத் தெரியும்" என்றார் அம்மாள். எடை குறைகிறதா? பிரித்துவிடுங்கள். அதிலே தோல்வி ஒன்றும் இல்லை.

"உங்கள் வீட்டில் பிறகு இரண்டும் சிநேகமாயினவா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லை. சின்னதும் ஆண்தான் என்று பிற்பாடு தெரிந்தது. இப்போது தனித்தனி அறை. கூடத்திலே உலாவ ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை. ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. இரண்டும் கொழுகொழுவென்று இருக்கின்றன. பேத்திதான் முதலில் வருத்தப்பட்டாள். 'துணை வேண்டும் என்பது உன் ஆசை. வெயில் வேண்டும் என்பது அதன் ஆசை' என்று சொன்னேன். புரிந்துகொண்டாள்."

இதையெல்லாம் படித்துவிட்டு, நம் வீட்டுக்கும் ஒன்று வாங்கினால் என்ன என்று குழந்தைகள் கேட்கலாம். எக்வடாரிலேயே காட்டுப் பிராணியை வீட்டில் அடைத்து வைப்பது சட்ட விரோதம். அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், வளர்க்க முடியாதவர்கள் வெளியே விட்டதும் சேர்ந்து பெருகித் தொல்லையாகி, 2021 முதல் புதிதாக யாரும் வளர்க்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலோ, 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இகுவானா வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவிர, நன்றாகப் பராமரித்தால் அது பதினைந்து வருஷம்கூட இருக்கும். இன்றைக்கு ஆசைப்படும் பையன் காலேஜ் முடித்துப் போன பிறகும் கீரை நறுக்குகிறவர் யார் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். அம்மாதான்!

கை குலுக்கிய இருவர்

வெயில் சாய்ந்தது. இகுவானாக்கள் மரம் ஏறத் தொடங்கின. நாங்கள் மறுபடி நதிக்கரைக்கு நடந்தோம். அங்கே அரை வட்டமாகத் தூண்கள் நிற்க, நடுவே இருவர் கை கொடுத்துக்கொள்ளும் சிலை. ஒருவர், காலையில் குதிரை மேல் பார்த்த பொலிவார். மற்றவர் சான் மார்த்தின்; தென் பகுதியை விடுவித்த தலைவர். 1822-ம் வருஷம் ஜூலை 26, 27 தேதிகளில் இருவரும் இந்த ஊரிலே சந்தித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சாட்சி யாரும் இல்லை. இரண்டாம் நாள் இரவு விருந்தும் நடனமும் நடந்துகொண்டிருக்கும்போதே சான் மார்த்தின் சத்தமில்லாமல் கிளம்பிக் கப்பல் ஏறிவிட்டார். அந்த வருஷமே பெரு நாட்டு அதிகாரத்தைத் துறந்தார். பிற்பாடு ஐரோப்பா போய், 1850-ல் அங்கேயே காலமானார்.

ஒரு உறையிலே இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். அந்த இரண்டு கத்திகளும் மோதாமல் தப்பியதற்கு ஒரு காரணம், துறைமுகத்திலே ஒரு கப்பல் காத்திருந்தது.

கனடா அம்மாள் சிலையை அண்ணாந்து பார்த்தார். "இவருக்கும் போக இடம் இருந்தது" என்றார்.

மறுநாள் காலையில் அவர் கலாபகஸுக்குப் போய்விட்டார். நான் மட்டும் ஒரு தரம் பூங்காவுக்குப் போனேன். அதே மரத்தின் உயரக் கிளையிலே ராஜா. அடுத்த மரத்தின் உயரக் கிளையிலே நேற்று விலகிப் போன அந்த இளையவன். அங்கே அவனும் ஒரு ராஜாதான். மெதுவாக, வெகு மெதுவாக, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

குடையை விரித்துக்கொண்டு அவன் கீழேயே சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.